தண்ணீரில் கரைந்த அமிலத்துக்கு என்ன ஆகிறது? விடை தேடிய ஞான் சந்திர கோஷின் கதை

திருத்தணி மலைப் படிகளை ஏறியவர்களுக்கு இது தெரியும். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள். சாதாரண புதன்கிழமை காலையில் கடகடவென்று ஏறிவிடலாம். அதே படிகளை ஆடிக் கிருத்திகை அன்று ஏறிப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காவடியோடு வந்த கூட்டம் முன்னாலும் பின்னாலும் நெருக்கும். கால் நகரவே நகராது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மேலே கோயில் வாசலில் ஒருவர் நின்று வருகிறவர்களை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே 100 பேர் வந்து இறங்கினார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வழக்கமான நேரத்துக்குள் 92 பேர்தான் மேலே வந்திருக்கிறார்கள். மீதி 8 பேர் எங்கே?

இரண்டு பதில் சொல்லலாம். ஒன்று, அந்த 8 பேர் கிளம்பவே இல்லை, கீழே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு, 100 பேரும் படியில்தான் இருக்கிறார்கள். நெரிசலில் எல்லோருடைய வேகமும் குறைந்துவிட்டது. மேலே நின்று எண்ணுபவருக்கு இந்த இரண்டில் எது சரி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு உலக வேதியியல் இதே குழப்பத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. படிக்குப் பதிலாகத் தண்ணீர். பக்தர்களுக்குப் பதிலாக அதில் கரைந்த அமிலம், காரம், உப்பு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் துணிந்து இறங்கிய இந்தியர்தான் ஞான் சந்திர கோஷ். அவர் சொன்ன விடை சில ஆண்டுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அப்புறம் அதைவிடச் சரியான விடை வந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

மஞ்சள் நீர் சிவப்பது ஏன்?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடுவார்கள். உடனே நீர் சிவந்துவிடும். அதே நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

சுண்ணாம்பு ஒரு காரம். தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருகிறது. அயனி என்றால் மின்னூட்டம் உள்ள துகள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, ஹைட்ராக்சைடு அயனிகள் அதிகமானால் சிவப்பாக மாறும். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். அது தரும் ஹைட்ரஜன் அயனிகள், ஹைட்ராக்சைடு அயனிகளோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகின்றன. காரம் தீர்ந்துபோக, நிறமும் பழையபடி திரும்புகிறது.

சுத்தமான தண்ணீரிலும் இந்த இரண்டு அயனிகளும் உண்டு. ஆனால் மிக மிகக் குறைவு. 25 டிகிரி செல்சியஸில், 100 கோடி நீர் மூலக்கூறுகளுக்குச் சுமார் 2 மட்டுமே பிரிந்திருக்கும். அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் அயனி கூடும், ஹைட்ராக்சைடு குறையும். காரம் சேர்ந்தால் நேர்மாறாக நடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் அளவுகோல்தான் பிஎச். டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909-ல் கொண்டுவந்தது.

எல்லாம் பிரியுமா, கொஞ்சம்தான் பிரியுமா?

அமிலம் தண்ணீரில் அயனிகளாகப் பிரிகிறது என்ற யோசனையை முன்வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ஹீனியஸ். 1884-ல் அவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் குறைந்த மதிப்பீடுதான் கொடுத்தது. அந்த ஆய்வில் தொடங்கிய கொள்கைக்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அர்ஹீனியஸ் சொன்னது இதுதான். கரைந்த மூலக்கூறுகளில் ஒரு பங்கு அயனிகளாகப் பிரியும், மறு பங்கு பிரியாமல் முழுசாகவே இருக்கும். அயனிகள்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்தால், எத்தனை சதவீதம் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். திருத்தணி வாசலில் நின்று ஆளை எண்ணுவதுபோல.

1888-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். பிளஸ் டூ படித்தவர்களுக்கு நினைவிருக்கும் ஆஸ்வால்ட் நீர்த்தல் விதி அதுதான். கரைசலை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும், ஒரு குறிப்பிட்ட எண் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. லிட்டருக்கு 0.1 மோல் அளவில் கரைத்தால், 100 மூலக்கூறுகளில் ஒன்று சொச்சம்தான் பிரிகிறது. இப்படிக் கொஞ்சமாகப் பிரிபவை வலிமை குறைந்த அமிலங்கள்.

சிக்கல் வலிமை மிகுந்த அமிலத்தில் வந்தது. பாத்ரூம் கழுவப் பயன்படும் ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 0.1 மோல் அளவில், கடத்துத்திறனை வைத்துக் கணக்குப் போட்டால் 92 சதவீதம் பிரிந்திருக்கிறது என்று விடை வரும். ஆனால் ஆஸ்வால்ட் விதியில் அந்த எண்ணைப் போட்டால் எதுவும் ஒத்துப்போகவில்லை. கரைசலை 100 மடங்கு நீர்த்துப்போகச் செய்தால், மாறாமல் இருக்க வேண்டிய எண் 10 மடங்குக்கும் மேல் மாறியது. காஸ்டிக் சோடா, சமையல் உப்பு என்று வலிமை மிகுந்த எல்லாவற்றிலும் இதே கதை.

விதி தப்பா, இல்லை பிரிதல் என்ற கணக்கே தப்பா? 1909-லேயே டென்மார்க்கின் நீல்ஸ் பியெரும் போன்ற சிலர், இவை முழுவதுமாகவே பிரிந்திருக்கலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அப்படியானால் கடத்துத்திறன் ஏன் குறைகிறது? அதை எண்களோடு விளக்கி, எல்லோரும் ஏற்கும்படி யாரும் நிறுவியிருக்கவில்லை.

புருலியாவிலிருந்து கொல்கத்தா

ஞான் சந்திர கோஷ் 1894 செப்டம்பர் 4 அன்று இன்றைய மேற்கு வங்கத்தின் புருலியாவில் பிறந்தார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவருக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தவர் பிரபுல்ல சந்திர ராய். உடன் படித்தவர்களின் பெயர்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா, ஞானேந்திரநாத் முகர்ஜி. 1915-ல் முதுநிலைப் படிப்பை முடித்த அந்த ஒரே தலைமுறையிலிருந்து போசான் துகளுக்குப் பெயர் தந்தவரும், விண்மீன்களின் வெப்பத்தைப் படிக்கச் சமன்பாடு தந்தவரும் வந்தார்கள்.

கொல்கத்தா பல்கலைக்கழகத்தை வழிநடத்திய ஆசுதோஷ் முகர்ஜிக்கு ஒரு பழக்கம் உண்டு. திறமை எங்கே தெரிகிறதோ, வயதைப் பார்க்காமல் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார். புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரிக்கு அப்படித்தான் இந்த இளைஞர்களை எடுத்துக்கொண்டார்.

அதே ஆசுதோஷ்தான் 1921-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை மைசூரிலிருந்து கொல்கத்தாவுக்குத் தத்துவப் பேராசிரியராக அழைத்துவந்தார். ராதாகிருஷ்ணன் பிறந்ததும் 1888-ல்தான், ஆஸ்வால்ட் தன் விதியை எழுதிய அதே ஆண்டு. ராதாகிருஷ்ணன் கொல்கத்தாவுக்கு வந்த ஆண்டில் கோஷ் அங்கிருந்து கிளம்பிவிட்டார். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

1918: நூறு பேரும் படியில்தான்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1918-ல் லண்டன் வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் கோஷின் கட்டுரைகள் வரிசையாக வெளியாயின. தலைப்பு, வலிமை மிகு மின்பகுளிகளின் முரண் பற்றியது. மின்பகுளி என்றால், கரைசலில் அயனியாகி மின்சாரம் கடத்தும் பொருள்.

கோஷின் வாதத்தை எளிதாகச் சொன்னால் இப்படி. வலிமை மிகுந்த அமிலமும் உப்பும் தண்ணீரில் 100 சதவீதம் பிரிந்துவிடுகின்றன. பிரியாத மூலக்கூறு என்று எதுவும் இல்லை. கீழ் மண்டபத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் படியில்தான்.

அப்படியானால் கடத்துத்திறன் குறைவது ஏன்? நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. தண்ணீர் அந்த இழுவிசையைச் சுமார் 80-ல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆனாலும் பூஜ்ஜியமாக்காது. எனவே அயனி சுதந்திரமாக ஓட வேண்டுமானால், அந்த இழுப்பை மீறும் அளவுக்கு அதனிடம் ஆற்றல் இருக்க வேண்டும். போதிய ஆற்றல் உள்ள அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். மற்றவை பிரிந்திருந்தாலும் தங்கள் ஜோடியின் பிடியில் இருக்கும்.

இழுவிசையைக் கணக்கிட அயனிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். அதற்கு கோஷ் ஒரு குறுக்குவழி எடுத்தார். உப்புப் படிகத்தில் அயனிகள் எப்படி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் என்பதை, பிராக் தந்தை மகனின் எக்ஸ் கதிர் ஆய்வுகள் அப்போதுதான் காட்டியிருந்தன. கரைசலிலும் அதேபோன்ற ஒழுங்கு இருக்கிறது, இடைவெளி மட்டும் அதிகம் என்று அவர் வைத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் கரைசலை 8 மடங்கு நீர்த்துப்போகச் செய்தால் அயனிகளுக்கு இடையிலான தூரம் 2 மடங்காகும். அதாவது கணக்கில் செறிவின் கனமூலம் வரும்.

இந்தச் சமன்பாட்டில் போட்ட எண்கள் பல உப்புகளுக்கு ஆய்வக அளவீடுகளோடு நன்றாகவே பொருந்தின. அவ்வளவுதான், பெயர் பரவிவிட்டது. ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்கள் இந்தக் கொள்கையைப் படித்தார்கள், சிலர் பாராட்டினார்கள், சிலர் எதிர்த்து எழுதினார்கள். போர் முடிந்த பின் கோஷ் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய் டோனனுடன் பணியாற்றினார். காலனி நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞனின் பெயரில் ஒரு வேதியியல் விதி இருப்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

1923: சரியான விடை வேறு ஒருவருடையது

1921 ஜூலையில் டாக்கா பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. கோஷ் அங்கே வேதியியல் துறையின் தலைவரானார். இயற்பியல் துறைக்கு நண்பர் சத்யேந்திரநாத் போஸும் வந்து சேர்ந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1923-ல், பீட்டர் டிபையும் எரிக் ஹக்கலும் ஜெர்மன் இயற்பியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வலிமை மிகு மின்பகுளிகள் முழுவதும் பிரிகின்றன, அயனிகளின் இழுவிசைதான் முரணுக்குக் காரணம் என்பதில் அவர்களும் கோஷும் ஒரே பக்கம். வேறுபட்டது அடுத்த படியில்.

தண்ணீரில் உள்ள அயனிகள் படிகம்போல வரிசையில் நிற்காது என்றார்கள் அவர்கள். வெப்பத்தால் ஒவ்வொன்றும் இடைவிடாமல் அலைந்துகொண்டே இருக்கும். ஆனால் சராசரியாகப் பார்த்தால், ஒவ்வொரு நேர் அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு மேகம் சூழ்ந்ததுபோல. கரைசல் 4 மடங்கு செறிவானால் அந்த மேகத்தின் தடிமன் பாதியாகும். ஆக, கணக்கில் வர வேண்டியது செறிவின் வர்க்கமூலம், கனமூலம் அல்ல.

மிக நீர்த்த கரைசல்களில் கடத்துத்திறன் வர்க்கமூலத்தின்படிதான் குறைகிறது என்று ஜெர்மனியின் கோல்ராஷ் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். தீர்ப்பு தெளிவாகிவிட்டது. அயனிகளை ஓடக்கூடியவை, ஓட முடியாதவை என்று இரண்டு கட்சியாகப் பிரித்ததும் கோஷ் கொள்கையின் பலவீனம்தான். உண்மையில் எல்லா அயனிகளும் ஓடுகின்றன. எல்லாமே கொஞ்சம் மெதுவாக ஓடுகின்றன.

ஏன் மெதுவாக? மறுபடியும் படிக்கு வருவோம். மேலே ஏறும் கூட்டமும் கீழே இறங்கும் கூட்டமும் ஒரே படியில். மின்சாரம் பாய்ந்தால் நேர் அயனி ஒரு பக்கமும் எதிர் அயனி மறுபக்கமும் நகரும். எதிரே வரும் கூட்டத்தின் உரசல் ஒரு தடை. கூடவே, முன்னேறும் அயனியின் மேகம் பின்தங்கி நின்று அதைப் பின்னால் இழுக்கும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கைச் செம்மைப்படுத்தியவர் லார்ஸ் ஆன்சாகர். பிளஸ் டூ வேதியியலில் வரும் டிபை-ஹக்கல்-ஆன்சாகர் சமன்பாடு அப்படி உருவானது.

இதில் ஹைட்ரஜன் அயனிக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. கொத்தனார் வேலையில் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள் அல்லவா? அதுபோல ஒரு நீர் மூலக்கூறு தன்னிடம் வந்த ஹைட்ரஜன் அயனியை வைத்துக்கொண்டு, இன்னொன்றை அடுத்த மூலக்கூறுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் அது சோடியம் அயனியைவிடச் சுமார் 7 மடங்கு வேகமாக மின்சாரம் கடத்துகிறது. அமிலங்கள் நல்ல மின்கடத்திகளாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பெயர் போன பிறகு

கோஷுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. தன் பெயரை உலகுக்குச் சொன்ன கண்டுபிடிப்பு கண் முன்னாலேயே பழசாகிவிட்டது. பலர் இந்த இடத்தில் ஒன்று உடைந்துபோவார்கள், இல்லை பழைய கொள்கையையே பிடித்துக்கொண்டு காலம் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

அவர் வேறு வேலைகளைக் கையில் எடுத்தார். டாக்காவில் 18 ஆண்டுகள் இருந்து, ஒளியால் நடக்கும் வேதிவினைகள் குறித்து ஆராய்ந்தார், மாணவர்களை உருவாக்கினார். 1924-ல் இந்திய வேதியியல் சங்கம் தொடங்கப்பட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. இந்திய வேதியியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை வெளியிட இங்கேயே ஓர் இதழ் அதன் மூலம் கிடைத்தது.

1939-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். சி.வி.ராமன் 1937-ல் விட்டு விலகிய பொறுப்பு அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலம். பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வந்திருந்தது, விமானப் பொறியாளர்கள் இல்லை. கோஷின் காலத்தில், 1942 டிசம்பரில், அங்கே விமானப் பொறியியல் துறை தொடங்கியது. அறிவியல் ஆய்வு மட்டுமே பெருமை என்று இருந்த இடத்தில் பொறியியலும் வளர ஆரம்பித்தது. நிலக்கரியிலிருந்து செயற்கை எரிபொருள் எடுக்கும் வினையூக்கிகள் பற்றிய ஆய்வையும் அவர் அங்கே நடத்தினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். ராதாகிருஷ்ணன் தலைமையிலான ஆணையம் 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அதையடுத்து 1950-ல், வங்கத்தில் அமையவிருந்த புதிய உயர் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் இயக்குநராக கோஷ் நியமிக்கப்பட்டார். அதுதான் ஐ.ஐ.டி. கரக்பூர், நாட்டின் முதல் ஐ.ஐ.டி. 1951 ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கிய கட்டடம் எது தெரியுமா? ஹிஜ்லி தடுப்பு முகாம். 1931-ல் அதே முகாமில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் போராட்டக் கைதிகள் மீது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து அங்கே பொறியியல் பாடம் நடந்தது.

1954-ல் கொல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், அதே ஆண்டு பத்மபூஷண், பிறகு திட்டக் குழு உறுப்பினர். 1959 ஜனவரி 21 அன்று அவர் காலமானார்.

இன்றைக்கு இது எதற்கு?

ஒரு சின்ன உதாரணம். 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்தால், பிஎச் 1.0 என்று காகிதத்தில் கணக்கு வரும். பிஎச் மீட்டரை வைத்து அளந்தால் சுமார் 1.1 காட்டும். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால், இருக்கிற எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதுபோல நடந்துகொள்கின்றன. பேட்டரி திரவம், கடல்நீர், நம் ரத்தம் எல்லாவற்றிலும் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

டிபை-ஹக்கல் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோஷின் பெயர் அநேகமாக மறைந்துவிட்டது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அவர்கள் கணக்கு சரியாக வந்தது, இவருடையது வரவில்லை. ஆனால் முழுவதும் பிரிகிறது, இழுவிசைதான் காரணம் என்று 1918-லேயே அடித்துச் சொல்லி, சரிபார்க்கும்படி ஒரு சமன்பாட்டையும் அவர் மேசைமேல் வைத்தார். தப்பு எங்கே என்று மற்றவர்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது அதனால்தான். மழுப்பலாகச் சொல்லியிருந்தால் யாராலும் அவரைத் தவறு என்று நிரூபித்திருக்க முடியாது. யாருக்கும் அதனால் பயனும் இருந்திருக்காது.

வலிமை மிகு அமிலங்கள் நீரில் முழுமையாக அயனியாகும் என்று இன்றைக்குப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடுகிறார். அந்த வரி நிலைபெற 40 ஆண்டுகள் ஆயின. நடுவில் சில ஆண்டுகள், அதற்காக உலகத்தோடு வாதாடிக்கொண்டிருந்தவர் புருலியாவில் பிறந்த ஓர் இளைஞர்.